பிறந்த கூட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்க்ரப் ஜே பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சின்னச் சின்னப் பாடும் பறவையெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகும்போது, அமெரிக்காவின் ஃபுளோரிடா ஸ்க்ரப் ஜே என்ற பறவை மட்டும் பக்கத்துக் காட்டுக்குக்கூடப் போகாதா?

பதில்: வலசை வேறு, இது வேறு. வலசை போனால் திரும்பி வரும். நாம் பேசுவது குஞ்சு பொரிந்த இடத்துக்கும், அது வளர்ந்து முதன்முதலாகக் கூடு வைக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கூடு வைக்கும் கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற சின்னப் பறவை வருஷாவருஷம் பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்வருகிறது. இந்த ஜேவோ ஃபுளோரிடாவைத் தாண்டுவதே இல்லை, பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும்.

கேள்வி: ஜே காக்கைக் குடும்பமாச்சே, பாடும் பறவையா?

பதில்: காக்கையே அந்த வகையில்தான் சேரும்!

கேள்வி: ஆணா பெண்ணா, யார் அதிக தூரம் போவது?

பதில்: பெண். பறவைகளில் பொதுவாகவே பெண்தான் புகுந்த வீடு தேடித் தொலைவாகப் போகும், பாலூட்டிகளில் பெரும்பாலும் தலைகீழ். இந்த ஜேயின் குஞ்சுகள் ஒரு வருஷமாவது, சில சமயம் பல வருஷம், பெற்றோர் கூடவே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும், பாம்பு, பருந்து வருகிறதா என்று காவல் நிற்கும். அப்படி இருக்கும் ஆண் கடைசியில் அப்பாவின் எல்லையிலேயே ஒரு துண்டைப் பிரித்துக்கொள்வதும் உண்டு. பெண்ணுக்கு அந்த வசதி குறைவு, அக்கம்பக்கத்தில் எங்கே ஜோடி இழந்த ஆண் இருக்கிறது என்று நோட்டம் விட்டபடியே இருக்கும்.

கேள்வி: தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? நம்பலாமா?

பதில்: காலில் நிற வளையம் மாட்டி. ஃபுளோரிடாவில் உள்ள ஆர்ச்போல்ட் ஆய்வு நிலையத்தில் 1969 முதல் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு: ஆய்வு நடக்கும் நிலத்தைத் தாண்டிப் போன பறவையும் செத்துப்போன பறவையும் நோட்டில் ஒன்றுதான், 'காணவில்லை'. அதனால் தூரம் போனவை எப்போதும் கணக்கில் குறையும். சராசரித் தூரம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய நிலத்தில் தேடினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: சரி, தூரம் போகாவிட்டால் என்ன நஷ்டம்?

பதில்: 2016-ல் வந்த மரபணு ஆய்வைப் பாருங்கள். ஆர்ச்போல்டில் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகத்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஜேக்கள் குறைந்ததால் வெளியிலிருந்து வந்து சேர்பவை குறைந்தன, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்வது கூடியது, முட்டை பொரிவதும் குறைந்தது.

கேள்வி: அப்போ பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடலாமே?

பதில்: செய்தும் இருக்கிறார்கள். ஆனால் போகும் இடத்தில், இவை வாழும் ஓக் புதர் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தால் இவற்றுக்கு ஆகாது. முதலில் அங்கே கட்டுப்பாட்டோடு தீ வைத்துப் புதரைக் குட்டையாக்க வேண்டும், அப்புறம்தான் பறவை.