பூட்டாகுளோர் ஏற்றுமதியில் 'டெக்னிக்கல்' என்று தனியாகக் குறிப்பிடுவது ஏன்?

நெல் வயலில் குதிரைவாலிப் புல் போன்ற களைகள் முளைக்கும் முன்பே போடுகிற களைக்கொல்லியான பூட்டாகுளோர் இரண்டு வடிவில் நாடு விட்டு நாடு போகிறது. 'டெக்னிக்கல்' என்பது ஆலையில் தயாரான செறிவான மூலமருந்து; அப்படியே வயலுக்குப் போகாது. அதில் கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்த்து 50% இ.சி. (தண்ணீரில் பால்மமாகக் கலக்கும் செறிவுக் கரைசல்) ஆக்கிப் புட்டியில் அடைப்பார்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிறதே, அது அந்தப் பால்மமாக்கியின் வேலை.

சுங்கத்திலும் இரண்டும் வேறு வேறு. சுங்கக் குறியீட்டுப் பட்டியலில் மூலமருந்து 29-ஆம் அத்தியாயம். தயார்நிலைக் களைக்கொல்லிக்குக் குறியீடு 3808.93. குறியீட்டைக் குழப்பினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடலாம்.

என்னைக் கேட்டால், விலையைவிடப் பெரிய தடை, வாங்கும் நாட்டு அரசிடம் மருந்தைப் பதிவு செய்வதுதான். அந்தப் பதிவு இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பூட்டாகுளோருக்கு அனுமதி இல்லை. அங்கே அரிசி அனுப்புபவர்கள் அரிசியில் தங்கும் மருந்தின் எச்ச அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.