ஹாங்காங் அபின் வரிக்காக சீனாவும் பிரிட்டனும் 1886-ல் பேசியதில் யாருக்கு லாபம்?

என்னைக் கேட்டால் போர்த்துகலுக்கு. பேச்சுவார்த்தையில் உட்காராமலே அடித்த யோகம் அது.

அப்போது பிரிட்டன் கையில் இருந்த ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம். இந்தியாவிலிருந்து வரும் அபின் அங்கே இறங்கி, சின்னச் சின்னப் பாய்மரப் படகுகளில் சீனக் கரைக்குக் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. 1860-களின் கடைசியிலிருந்தே பக்கத்துச் சீன நகரமான கான்டனின் (இன்றைய குவாங்சோ) அதிகாரிகள் தீவைச் சுற்றி ரோந்துப் படகுகளை விட்டு மறித்தார்கள், ஹாங்காங் வியாபாரிகள் இதை 'முற்றுகை' என்று கத்தினார்கள். சீனாவும் பிரிட்டனும் போட்ட 1876 சீஃபூ ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வழி எழுதினார்கள்தான், ஆனால் அபின் வருமானம் குறையுமே என்று பிரிட்டிஷ் இந்திய அரசு முரண்டு பிடித்ததும் சேர்ந்து, பிரிட்டன் 1885 வரை இழுத்தடித்தது. அந்த வருடம் லண்டனில் முடிவானது பெட்டிக்கு 110 டேல் (சீன எடை அளவு) வெள்ளி: 30 இறக்குமதி வரி, 80 உள்நாட்டு லிஜின் வரி.

சரி, ஹாங்காங்கில் இதை வசூலிப்பது எப்படி? 1886-ல் அதற்காகத்தான் உட்கார்ந்தார்கள். ஹாங்காங் தரப்பில் நீதிபதி ஜேம்ஸ் ரஸல். சீனத் தரப்பில் ஷாவோ யூலியான், கூடவே ராபர்ட் ஹார்ட். அயர்லாந்துக்காரர், ஆனால் 1863 முதல் சீனச் சுங்கத்துறைக்கே தலைவர்! செப்டம்பர் 11-ல் கையெழுத்தானது. முழுப் பெட்டிக்குக் குறைவாக அபின் ஏற்றவோ இறக்கவோ கூடாது, வருவதும் போவதும் துறைமுக அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று ஹாங்காங் சட்டம் போடும். கௌலூன் பக்கம் ஹார்ட்டின் துறை அலுவலகம் திறக்கும். அதுவரை கான்டன்காரர்கள் கையில் இருந்த படகு அபின் வரி இப்படி அவர் கைக்கு வந்தது, அவர் குறி வைத்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஹாங்காங் ஒரு நிபந்தனை வைத்தது: பக்கத்தில் போர்த்துகீசியர் கையில் இருந்த மக்காவு (Macau) துறைமுகமும் இதையே செய்ய வேண்டும். நியாயம்தான், இல்லாவிட்டால் கடத்தல் முழுக்க அங்கே இடம் மாறிவிடும். மக்காவில் இருந்த போர்த்துகீசியர்கள் 1849-லேயே சீனாவுக்கு நிலவாடகை கொடுப்பதை நிறுத்தியவர்கள். அவர்கள் ஆட்சியை ஏற்கும் ஒப்பந்தம் மட்டும் சீனாவிடமிருந்து கிடைத்தபாடில்லை. இப்போது அவர்கள் தயவு தேவைப்பட்டதும் விலையை ஏற்றினார்கள். ஹார்ட்டின் லண்டன் ஆள் ஜேம்ஸ் டங்கன் கேம்பல் போர்த்துகல் தலைநகர் லிஸ்பன் போய்ப் பேசி, 1887 மார்ச்சில் ஓர் உடன்பாட்டை முடித்தார். அபின் வரிக்கு ஒத்துழைத்தால் மக்காவில் போர்த்துகலின் நிரந்தர ஆட்சியை சீனா ஏற்கும். சீனாவைக் கேட்காமல் வேறு யாருக்கும் அதைக் கொடுக்க மட்டும் முடியாது. கான்டனில் தலைமை ஆளுநராக இருந்த ஜாங் ஜிடோங் கடுமையாக எதிர்த்துப் பார்த்தார். பெய்ஜிங் கேட்கவில்லை, டிசம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டது.