ஷூ கடிக்கிறதா, குஷன் போதவில்லையா? ஓடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர், ஜனவரி மாரத்தான்களுக்குப் பயிற்சி தொடங்கும் சமயத்தில் ஷூ பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறையும் பெரும்பாலோர் கேட்டிருப்பது குஷனைப் பற்றித்தான். ஆனால் படித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி அளவுக் கோளாறு. அதனால் அளவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடையில் போட்டுப் பார்த்தபோது 8 சைஸ் கச்சிதமாக இருந்தது. ஆனால் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடினால் பெருவிரல் நகம் கறுத்துவிடுகிறது. முன்பக்கம் குஷன் அதிகமுள்ள ஷூ வாங்க வேண்டுமா?
– வாசகர், தாம்பரம்

குஷனை விடுங்கள். ஷூ உங்களுக்குச் சின்னது. விரல் நுனி ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் மூக்கில் இடிக்கிறது. நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது. கறுப்புக்குக் காரணம் அதுதான்.

‘கச்சிதம்’ என்பது ஆபீஸ் ஷூவுக்குச் சரி. ஓடும்போது பாதம் வீங்கும், கொஞ்சம் நீளவும் செய்யும். நமது ஊர் வெக்கையில் இன்னும் கூடுதலாக. நின்றபடி பார்க்கும்போது, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், இடம் இருக்க வேண்டும். நீளமான விரல் என்பது எல்லோருக்கும் பெருவிரல் அல்ல; பலருக்கு இரண்டாவது விரல்தான் முந்தி நிற்கும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம். பெரிய பாதத்துக்கு வாங்குங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் கணக்கில் ஒரு முழு சைஸ் சுமார் எட்டரை மில்லிமீட்டர், அரை சைஸ் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உங்களுக்கு 8½ போதலாம், 9-ம் தேவைப்படலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளவும் மறக்காதீர்கள். பாதி வழக்கில் அதுவும் கூட்டுக் குற்றவாளி.

ஆன்லைனில் வாங்கும்போது யுகே, யுஎஸ், ஐரோப்பிய எண் என்று தலை சுற்றுகிறது. எதை நம்புவது?
– வாசகி, கோவை

சென்டிமீட்டரை. நமது ஊரில் பெட்டியில் முதன்மையாக அச்சாவது யுகே எண். ஆண்கள் ஷூவில் நைக்கியின் யுஎஸ் எண் யுகே எண்ணைவிட பெரும்பாலும் ஒன்று கூடுதல். அடிடாஸில் அரை மட்டும் கூடுதல். ஆக ஒரு கம்பெனியின் ‘9’ இன்னொன்றின் ‘9’ அல்ல. சுவரில் குதிகாலை ஒட்டி, தாளின் மேல் எழுந்து நின்று, நீளமான விரலின் நுனியைக் குறித்து அளந்துகொள்ளுங்கள். பிறகு அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள். அந்த அட்டவணையில் இருப்பது பாதத்தின் நீளமா, ஷூவின் உள்நீளமா என்று ஒரு முறை கவனித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். திருப்பி அனுப்ப வசதி இல்லாத இடத்தில் முதல் ஜோடியை வாங்கவே வேண்டாம்.

எனக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலம். எந்த ஷூ வாங்கினாலும் சுண்டுவிரல் பக்கம் துணி கிழிகிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்று வருகிறது.
– வாசகர், மதுரை

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். நம்மில் நிறையப் பேருடைய பிரச்சினையும் இதுதான்.

ஷூக்கள் ஒரு மாதிரிப் பாதத்தின் அச்சின் மேல் தைக்கப்படுகின்றன. அந்த அச்சு யாருடைய பாதத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதில்தான் சிக்கல். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதத்தை, ஷூ போட்டு வளர்ந்த இந்தியர்கள், மேற்கத்தியர்கள் ஆகியோரின் பாதத்தோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. வெறுங்கால்காரர்களின் பாதம் நீளத்துக்கு மீறிய அகலத்தோடு இருந்தது. மேற்கத்தியர்களின் பாதம் ஒடுங்கியிருந்தது. வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே ரப்பர் செருப்பு என்று வளர்ந்த நமக்கு விரல்கள் விரிந்திருப்பதில் வியப்பில்லை. அது உங்கள் பாதத்தின் குறை அல்ல.

நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் வேலை. அதில் ஷூ மடங்கும் இடமும் உங்கள் விரல் மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று விலகிப்போகும்; குதிகாலும் ஆடும். நீங்கள் கேட்க வேண்டியது அகல எழுத்து. ஆண்களுக்கு ‘டி’ சாதாரண அகலம், ‘2இ’ அகலம், ‘4இ’ மிக அகலம். பெண்களுக்கு ‘பி’ சாதாரணம், ‘டி’ அகலம். நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ், புரூக்ஸ் ஆகியவை சில மாடல்களை இந்த அகலங்களில் தருகின்றன. கடை அலமாரியில் இருக்காது. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், அல்லது அவர்களுடைய இணையதளத்தில் கிடைக்கும். இன்னொன்று கவனித்தீர்களா? ஆண்களின் சாதாரண ‘டி’யும் பெண்களின் அகல ‘டி’யும் ஏறக்குறைய ஒன்று. அகலப் பாதமுள்ள பெண்கள் சென்டிமீட்டர் எண்ணைப் பார்த்து ஆண்கள் ஷூவையே எடுக்கலாம். நிறம் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

கடையில் ஒரு சோதனை: ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து, தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் ஓரம் தகட்டைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கில்லை. விற்பனையாளர் முறைப்பார், பரவாயில்லை.

அகலம் கிடைத்தும் குதிகால் லேசாக ஆடினால், மேலே கணுக்கால் பக்கம் யாரும் பயன்படுத்தாத ஓர் ஓட்டை இருக்கும். அதில் லேஸை அதே பக்கமாக நுழைத்து ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் நகராது. விரல் பக்கம் இறுக்கினால் கீழ் ஓட்டை ஒன்றை விட்டுவிட்டு லேஸைக் கோத்துக் கட்டுங்கள்.

என் எடை 92 கிலோ. முழங்காலைக் காப்பாற்ற மிகத் தடிமனான குஷன் வேண்டும் என்கிறார் நண்பர். 40 மில்லிமீட்டர் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

தடிமன் வேறு, மென்மை வேறு. தடித்தும் கட்டியாக இருக்கலாம். மெலிதாகவும் மெத்தென்றும் இருக்கலாம்.

லக்சம்பர்க்கில் 848 பேருக்கு வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான, ஆனால் குஷன் ஒன்றில் கட்டியாகவும் மற்றதில் மென்மையாகவும் உள்ள இரண்டு வகை ஷூக்களைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். யாருக்கு எது என்று ஓடியவர்களுக்கும் தெரியாது. 2020-ல் வந்த முடிவு: கட்டியான குஷன் ஷூ போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. ஆகவே குஷன் வீண் அல்ல. ஆனால் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான். கனமானவர்களிடம் அவ்வளவு வித்தியாசமில்லை. ‘குண்டானவருக்கு மெத்து மெத்தென்று’ என்ற கடைக்கணக்கு இங்கே பொய்த்தது.

கனமானவர் அதிக மிருதுவான நுரையில் ஓடினால் அது தரைவரை நசுங்கி, பிறகு குஷனே இல்லாத மாதிரிதான். உங்களுக்கு ஓரளவு உறுதியும் அகன்ற அடிப்பாகமும் உள்ளதே நல்லது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். கணுக்கால் தத்தளித்தால் வேண்டாம். பிறகு கடைக்கு வெளியே நூறு மீட்டர் மெதுவாக ஓட அனுமதி கேளுங்கள்.

40 மில்லிமீட்டர் என்பது சாலைப் போட்டிகளில் வீரர்களின் ஷூ அடிப்பாகத்தின் தடிமனுக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு. நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. அதைவிட, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். 8 முதல் 12 மில்லிமீட்டர் ஷூவில் பழகியவர் திடீரென்று 0 அல்லது 4-க்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் பிடித்துக்கொள்ளும். மாறுவதென்றால் வாரத்தில் ஒரு சின்ன ஓட்டத்தில் தொடங்குங்கள்.

ஈரப்பாதத் தடத்தைப் பார்த்து ‘தட்டைப் பாதம், ஸ்டெபிலிட்டி ஷூதான் (பாதம் உள்ளே சாயாமல் தாங்கும் ஷூ) வாங்க வேண்டும்’ என்றார்கள் கடையில். வலி எதுவும் இல்லை. வாங்கட்டுமா?
– வாசகி, திருச்சி

வலி இல்லையென்றால் தடத்தை மறந்துவிடுங்கள். அமெரிக்கப் படைகளில் ஆயிரக்கணக்கான புதியவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ ஒதுக்கிச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த பிரிவைவிடக் காயம் குறையவில்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்கள் சாதாரண ஷூவிலேயே ஓராண்டு ஓடினார்கள். மிதமாக உள்பக்கம் சாயும் பாதக்காரர்களுக்கு அதிகக் காயம் வரவில்லை என்று 2014-ல் எழுதினார்கள். மறுபக்கமும் உண்டு: பாதம் நன்றாக உள்ளே சாய்பவர்களுக்குத் தாங்கு ஷூ உதவியதாக 2016-ல் ஓர் ஆய்வு சொல்கிறது. அதை முடிவு செய்ய ஈரத்தடம் போதாது. வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட் நீங்கள் ஓடுவதைப் பார்த்துச் சொல்லட்டும். இல்லையென்றால், நாலைந்து ஜோடி போட்டுப் பார்த்து, காலுக்கு எது இதமோ அதை எடுங்கள்.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது என்கிறார். நடைப்பயிற்சிக்கு நல்ல குஷன் ஷூ சொல்லுங்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

மேலே ‘இதமாக இருப்பதை எடுங்கள்’ என்றேனே, அது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. மரத்த பாதத்துக்குக் கடிப்பது தெரியாது. கொப்புளம் புண்ணான பிறகே கண்ணில் படும். முதலில் சர்க்கரை நோய் மருத்துவரிடம் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். எம்.சி.ஆர். எனும் மிருதுவான நுண்ணறை ரப்பர் செருப்போ தனி அளவெடுத்த ஷூவோ தேவையா என்பதை அவர் சொல்வார். எதுவானாலும் போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஊசி, சுருங்கிய தகடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், ராத்திரி பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பதும் தினசரி வேலை.

மூன்று வருடமாக ஒரே ஷூ. அடிப்பாகம் தேயவில்லை. மாற்ற வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

அடி ரப்பர் தேயாமலேயே நடு நுரை செத்துப்போகும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். பழையதும் புதியதும் ஆளுக்கொரு காலில் போட்டு நின்றால் உடனே தெரிந்துவிடும். ஓடாமல் அலமாரியில் பத்திரப்படுத்தினால் நிலைக்கும் என்றும் நினைக்காதீர்கள்; பாலியூரிதேன் அடிப்பாகம் கடலோர ஈரக்காற்றில் தானாகவே பொடிந்து உதிரும். மழையில் நனைந்தால் தகட்டை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், பசை விட்டுவிடும்.

நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த போட்டி ஷூ, முதல் அரை மாரத்தானுக்கு?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம்.

ஒரிஜினல் விலை கட்டுப்படியாகவில்லை. ‘ஃபர்ஸ்ட் காபி’ பரவாயில்லையா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பார்வைக்குப் பரவாயில்லை. நகல் எடுக்கப்படுவது மேல் துணியும் முத்திரையும்தான். உள்ளே இருக்கும் நுரை என்னவென்று விற்பவருக்கே தெரியாது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நல்ல கம்பெனியின் போன வருட மாடலை எடுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் தள்ளுபடியில் போடுவார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் சொற்ப வித்தியாசம்தான். நடுத்தர சைஸ்கள் முதலில் தீர்ந்துவிடும், அதனால் அளவை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.