காலத்தைப் பிரயோஜனப்படுத்துவது: ஓய்வுபெற்ற போதகர் ஒருவருடன் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எபேசியர் 5:16 ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்கிறது. ஒரு நிமிடம்கூட சும்மா இருக்கக் கூடாது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. என் பழைய பல்லவியை முதலிலேயே பாடிவிடுகிறேன்: வசனத்தைத் தனியாகப் பிடுங்காதீர்கள், முன்னும் பின்னும் வாசியுங்கள். 15-ம் வசனம் ஞானமாய் நடக்கச் சொல்கிறது, 17-ம் வசனம் கர்த்தருடைய சித்தம் இன்னதென்று உணரச் சொல்கிறது. வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

‘காலம்’ என்ற இடத்தில், இந்த நிருபத்தை எழுதிய பவுல் வைத்த கிரேக்கச் சொல் ‘கைரோஸ்’, அதாவது வாய்த்த வேளை. ‘பிரயோஜனப்படுத்து’ என்று நம் வேதத்தில் வரும் வினைச்சொல்லுக்குள் சந்தை என்ற பொருளுள்ள ‘அகோரா’ ஒளிந்திருக்கிறது. கலாத்தியர் 3:13-ல் கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்ற இடத்திலும் அதே வினைதான். ஆக, வேளையை விலைகொடுத்து வாங்கச் சொல்கிறார். எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் அது கைக்கு வரும். பிள்ளை பேச வரும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறீர்களே, அதுதான் விலை.

கேள்வி: 24 மணி நேரத்துக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 2 மணி 24 நிமிடம். அதை ஜெபத்துக்குக் கொடுக்காவிட்டால் பாவமா?

பதில்: லேவியராகமம் 27-ல் நிலத்தின் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும் தசமபாகம் உண்டு. மணிக்கணக்குக்கு இல்லை.

கேள்வி: தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தாரே ஐயா?

பதில்: ஜெபித்தார். எத்தனை நிமிடம் என்று தானியேல் 6-ம் அதிகாரத்தில் எங்கே இருக்கிறது?

கேள்வி: அப்போ ஜெபத்துக்கு நேரமே ஒதுக்க வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. ஒதுக்குங்கள், நானும் ஒதுக்குகிறேன். இயேசுவே இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனதாக மாற்கு 1:35 சொல்கிறது. எனக்குப் பயம் அந்தக் கணக்கில்தான். 144 நிமிடம் ஆண்டவருக்கு என்றால் மீதி 21 மணி 36 நிமிடம் யாருக்கு? அந்த மீதியில் கடைக்காரரிடம் எரிந்து விழலாமா?

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. வேதம் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் அழுகிறான். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: மூடிவைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், மகளே. அந்த இரண்டு வசனத்தில் ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு, தோளில் தட்டித் தூங்க வைக்கும்போது மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணவர் தினம் அரைமணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கும் அது ஊழியம்தான்.

கேள்வி: திட்டமிட்ட நாள் எப்போதும் கெட்டுப்போகிறது. யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள்.

பதில்: இளம் போதகனாக நான் நாலு நிற மையில் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிரசங்கத் தயாரிப்பு சிவப்பு. மூன்றாம் நாள் சிவப்பு நேரத்தில் ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். ‘மாலையில் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் மாற்கு 5-ஐ ஒழுங்காக வாசித்தேன். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் 12 வயது மகள் மரணத்தறுவாயில் கிடக்கிறாள். அதைவிட அவசரம் என்ன இருக்கிறது? இயேசு போகிற வழியில் 12 வருடம் பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத இரத்தப்போக்குள்ள, ஒரு பெண் அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவளுக்குச் சுகம் கிடைத்துவிட்டது, இயேசு அப்படியே நடந்து போயிருக்கலாம். நின்று, ‘என் வஸ்திரங்களைத் தொட்டது யார்’ என்று கேட்கிறார். அவள் உண்மையையெல்லாம் சொல்லும்வரை யவீரு பக்கத்தில் நின்று தவித்திருப்பான். அதற்குள் மகள் இறந்த செய்தியும் வந்துவிடுகிறது. ஆனாலும் அந்த வீட்டுக்கும் போகிறார்.

இதை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கதவைத் திறந்துவைக்கவும் வேண்டாம். அதே மாற்கு முதல் அதிகாரத்தில் ‘எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்’ என்று சீஷர்கள் சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். வந்த காரியம் அவருக்குத் தெரியும். நம் அட்டவணையில் எழுதாமல் விட்டது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: நல்ல ஜெப ஆப் எது?

பதில்: பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.

கேள்வி: அதிகம் தூங்குவது சோம்பல்தானே?

பதில்: எலியா தீர்க்கதரிசி சோர்ந்து படுத்தபோது தேவதூதன் திட்டவில்லை. சாப்பிட வைத்தான், எலியா மறுபடி படுத்தார். 1 இராஜாக்கள் 19. சோம்பேறிக்கு, எறும்பைப் பார்க்கச் சொல்லும் நீதிமொழிகள் 6 இருக்கிறது. நீங்கள் இரண்டில் யாரென்று உங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா?

பதில்: இங்கே முடிகிற விஷயமல்ல. மனைவியிடமும் சபை மூப்பர்களிடமும் பேசுங்கள். ராஜினாமா கடிதத்தை அதுவரை எழுதாதீர்கள்.

கேள்வி: இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையிலேயே மூழ்கிய மார்த்தாள் செய்தது தவறா?

பதில்: வேலை தவறல்ல, பதற்றம். லூக்கா 10:41. முன்னும் பின்னும் வாசியுங்கள்.

கேள்வி: ஐயா, அந்த 2 மணி 24 நிமிடத்தைக் காலை பாதி, மாலை பாதியாகப் பிரிக்கலாமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: சரி, டைமர் வைத்தாவது ஜெபிக்கலாமா?

பதில்: பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் வையுங்கள்.