கேள்வி-பதில்: காப்பு டையோடு போட்டதும் பிஎச் தப்பாகக் காட்டுகிறதே?

கேள்வி: நானே ஒரு பிஎச் மீட்டர் செய்தேன். எலெக்ட்ரோட் வயரில் தவறுதலாக 24 வோல்ட் பட்டு ஆப்-ஆம்ப் (சிக்னலை வாங்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி) இரண்டு முறை போய்விட்டது. அப்புறம் இன்புட்டிலிருந்து ±5 வோல்ட் சப்ளைக்கு இரண்டு 1என்4148 டையோடு போட்டேன். இப்போது ஐசி போவதில்லை, ஆனால் பிஎச் 7 பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்) 7.5 காட்டுகிறது, பெட்டியைத் திறந்தால் இன்னும் மாறுகிறது. ஏன்?

பதில்: திறந்தால் மாறுகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. 1என்4148-க்குக் கண்ணாடி உடம்பு, வெளிச்சம் பட்டால் கசிவு, அதாவது டையோடு அடைத்திருக்கும்போதும் ஓடும் சிறு மின்னோட்டம், கூடும். இருட்டிலும் கசிவு இருக்கவே செய்யும். உங்கள் எலெக்ட்ரோடின் மின்தடை 100 மெகா ஓம் என்று வையுங்கள், இரண்டு டையோடுகளின் கசிவுக்கு இடையே 0.3 நானோ ஆம்பியர் வித்தியாசம் இருந்தாலே 30 மில்லிவோல்ட் பிழை வந்துவிடும், ஒரு பிஎச்சுக்கே 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட்தான் என்பதால் அரை பிஎச் போச்சு. காலிப்ரேட் செய்து சரிக்கட்டவும் முடியாது, சூடு 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

முதலில் வயருக்கும் டையோடுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். துல்லியம் கெடும் என்று பலர் பயப்படுகிறார்கள், 100 மெகா ஓமுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? 24 வோல்ட் பட்டாலும் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது.

அடுத்து டையோடு. எனக்கு மிகவும் பிடித்த வழி இது: கசிவு குறைந்த இரண்டு டையோடுகள் ஒரே உறையில் தொடராக இருக்கும் பிஏவி199-ன் நடுக்காலை இன்புட்டில் இணைத்து, மற்ற இரண்டு கால்களையும் சேர்த்து, ஃபாலோயராக வேலை செய்யும் ஆப்-ஆம்பின் அவுட்புட்டுக்கு 10 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். அவுட்புட் இன்புட்டைப் பின்தொடர்வதால் டையோடின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், கசியக் காரணமே இல்லை. உங்களிடம் இருக்கும் 1என்4148 இரண்டையும் அந்தச் சேர்ந்த முனையிலிருந்து சப்ளைகளுக்கு மாற்றிவிடுங்கள், அங்கே கசிந்தால் 10 கிலோ ஓமில் கால் மில்லிவோல்ட்கூடத் தேறாது. ஆனால் அதிக வோல்டேஜ் வரும்போது இரண்டு டையோடுகளைத் தாண்ட வேண்டியிருப்பதால் இன்புட் சப்ளையைவிட 1.2 வோல்ட் வரை மேலே போகும், அதனால் ஆப்-ஆம்ப் காலுக்கு முன்னால் இன்னொரு 10 கிலோ ஓம் அவசியம்.

சால்டர் செய்தபின் போர்டில் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவுங்கள், அதுவும் கசியும். பிறகு பெட்டியைத் திறந்து வைத்தே 7 பஃபரில் பாருங்கள்.