பவளம் வெளுத்தால், உரிந்தால், சுருங்கினால்: கேள்வி பதில்

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நான்கு அடிக் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதில் வாழ்ந்த பவளங்களும் உண்டு, என் கையால் செத்தவையும் உண்டு. வந்த கேள்விகளில் பாதி, “என்ன மருந்து ஊற்றலாம்?” என்றுதான் முடிகின்றன. பெரும்பாலும் என் பதில் எதுவும் ஊற்றாதீர்கள் என்பதுதான். ஆனால் முதல் கேள்வி அப்படியல்ல.

அண்ணா, என் ஹேமர் பவளத்தின் ஒரு தலையில் நேற்று இரவு பழுப்பாகக் கூழ் மாதிரி படிந்திருந்தது. காலையில் பக்கத்துத் தலைக்கும் பரவிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை. (ஈசூன்)

தம்பி, இது பிரவுன் ஜெல்லி நோய். இன்றே கை வைக்க வேண்டும், நாளைக்குத் தள்ளாதீர்கள். ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான் பவள வகைகளுக்கு அதிகம் வரும். எங்காவது சதை கிழிந்த இடத்தில் தொடங்கும். அந்தக் கூழில் அழுகும் சதையும் பாக்டீரியாவும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன.

முதலில் அலை பம்புகளை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கூழ் பறந்து பக்கத்துப் பவளத்தில் உட்காரும். மெல்லிய ஏர் குழாயால் கூழை உறிஞ்சி வெளியே எடுங்கள். பிறகு பவளத்தைத் தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி, மிச்சத்தை ஊதிக் கழுவுங்கள். உங்களுடையது கிளை வகை என்றால் அதிர்ஷ்டம்: நோய் கண்ட தலைகளை எலும்புக் கிளையோடு வெட்டிவிடலாம். சுவர் மாதிரி ஒரே சதையாக ஓடும் வகையில் இந்த வசதி கிடையாது.

மிஞ்சியதை லுகால் அயோடின் (கிருமிநாசினிக் கரைசல்) கலந்த தொட்டி நீரில் பத்து நிமிடம் முக்குங்கள். அளவு பாட்டிலில் போட்டபடிதான், கூட ஊற்றினால் சீக்கிரம் ஆறாது. வேறு வாளியில் அலசி, சில நாள் தனித் தொட்டியில் வையுங்கள். அந்த இரண்டு வாளித் தண்ணீரும் சாக்கடைக்குப் போக வேண்டும், தொட்டிக்குத் திரும்பக் கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டுப் பிழைக்க வைத்ததாகச் சிலர் சொல்வார்கள். கால்நடை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம், பெரிய தொட்டியில் வேண்டவே வேண்டாம்.

ஆக்ரோபோரா (கடினப் பவள வகை) அடியிலிருந்து வெள்ளையாக உரிந்துகொண்டே வருகிறது. ஆல்கலினிட்டி (நீர் அமிலத்தைத் தாங்கும் திறன், டி.கே.ஹெச் அதன் அலகு) 6.4 டி.கே.ஹெச் இருந்தது. அதை ஏற்றும் பஃபர் போட்டு 9.5க்கு ஏற்றிய மறுநாள் ஆரம்பித்தது. என்ன நோய் சார்? (கிள்ளான்)

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒரே நாளில் 3 டி.கே.ஹெச் ஏற்றம் ஆக்ரோபோராவுக்குப் பெரிய அடி. குறைவாகவே இருந்தாலும் நிலையாக இருந்தால் அது சமாளித்திருக்கும். ஒரு நாளில் 1 டி.கே.ஹெச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. நான் பாதிதான் ஏற்றுவேன். இப்போது பதற்றத்தில் திரும்ப இறக்காதீர்கள், அது இரண்டாவது அடியாகிவிடும். இருக்கும் அளவிலேயே பிடித்து வையுங்கள்.

உரியும் கோட்டைப் பென்சிலால் குறித்தது போல மனதில் வைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கொஞ்சம்தான் நகர்ந்திருந்தால் காத்திருக்கலாம். பாதிப் பவளம் போயிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, நல்ல சதையில் வெட்டி, நுனிகளை ஜெல் பசையால் புதுக் கல்லில் ஒட்டுங்கள். தாய் போனாலும் பிள்ளை தங்கும்.

அப்புறம், உப்பையும் ஒருமுறை பாருங்கள். உப்பை அளக்கும் என் ரிஃப்ராக்டோமீட்டர் ஆறு மாதம் 1.025 என்று காட்டிக்கொண்டிருந்தது. உப்பளவு தெரிந்த 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) திரவத்தில் சரிபார்த்தபோதுதான் தொட்டியில் உண்மையில் 1.030 இருப்பது தெரிந்தது. அந்த ஆறு மாதமும் சுருங்கிக் கிடந்த பவளங்களுக்கு நான் விதவிதமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்!

எல்.இ.டி. விளக்கை மாற்றி இரண்டு வாரத்தில் என் பவளங்கள் வெள்ளையாகிவிட்டன. செத்துவிட்டனவா? (துபாய்)

டார்ச் அடித்து அருகில் பாருங்கள். வெள்ளை எலும்பின் மேல் கண்ணாடி போலச் சதை இருக்கிறதா? இரவில் பாலிப் (பூ மாதிரி விரியும் பவள உயிர்) நீட்டுகிறதா? அப்படியென்றால் உயிர் இருக்கிறது. இது வெளுத்தல். சதைக்குள் குடியிருந்து சாப்பாடு கொடுக்கும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிட்டது, அவ்வளவுதான். சதையே இல்லாமல் வெறும் எலும்பு தெரிந்தால் அது வேறு கதை, முந்தைய பதிலைப் படியுங்கள்.

விளக்கைப் பாதியாகக் குறைத்து, ஆறேழு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். வெப்பம் 25–26 டிகிரியில் நிற்கட்டும். வெளுத்த பவளம் பட்டினியில் இருக்கிறது, அதனால் வாரம் இரண்டு முறை பொடி உணவோ நறுக்கிய இறாலோ ஊட்டுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கு ஆகும்.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் பவளங்கள் வெளிறி இருக்கின்றன. (ஜொகூர் பாரு)

அதனால்தான் வெளிறி இருக்கின்றன. பட்டினி. மீனுக்குத் தாராளமாகத் தீனி போடுங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 சுற்றி இருந்தால் போதும். இரண்டும் பூஜ்யத்தில் நின்றால் அடுத்து டைனோ என்ற நுண்பாசி வந்து பழுப்புச் சளியாகப் படரும், அதை விரட்டுவது இதைவிடப் பெரிய வேலை.

புதிதாக வாங்கிய ஆக்ரோபோராவில் வட்ட வட்டமாகக் கடித்த தழும்பு. டிப் செய்தேன் (மருந்து நீரில் முக்கினேன்), தட்டையான புழுக்கள் உதிர்ந்தன. இப்போது தொட்டியில் விடலாமா? (பினாங்கு)

விடாதீர்கள்! டிப் புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. அடிப்பக்கம் சதையில்லாத எலும்பில் பழுப்பு முட்டைக் கூட்டம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுங்கள், அல்லது அந்தப் பகுதியையே வெட்டி எறியுங்கள். தனித் தொட்டியில் வைத்து வாரம் ஒரு முறை டிப், குறைந்தது ஆறு வாரம். கடைசி இரண்டு முறையும் ஒரு புழுகூட விழாவிட்டால்தான் உள்ளே.

சோவாந்தஸ் (பொத்தான் போன்ற பவள வகை) ஒரு வாரமாக மூடியே இருக்கிறது. கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாமா? (டொராண்டோ)

சுரண்ட வேண்டாம் அக்கா, கொதிநீர் ஊற்றவும் வேண்டாம். இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கல்லைக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கையுறையும் கண்பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு பாருங்கள். சோவாந்தஸைத் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாக் கடல் நத்தை) அதே நிறத்தில், அதே விளிம்போடு உட்கார்ந்திருக்கும். இடுக்கியால் பிடியுங்கள். எதுவும் இல்லையென்றால் இடத்தையும் நீரோட்டத்தையும் மாற்றிப் பாருங்கள்.

கடலில் எடுத்த பவளத் துண்டு தொட்டியில் வெளுத்துவிட்டது. எப்படிக் காப்பாற்றுவது? (தூத்துக்குடி)

இதற்கு வைத்தியம் சொல்ல மாட்டேன். இந்தியாவில் கடினப் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே காப்பு. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 வெப்பங்களில் வெளுத்துத் தேறிக்கொண்டிருப்பவை. வனத்துறையிடம் சொல்லுங்கள், இனி எடுக்காதீர்கள்.

மீனுக்கு வெண்புள்ளி நோய். பவளத் தொட்டியிலேயே காப்பர் மருந்து போடலாமா? (துபாய்)

கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும், கல்லிலும் செம்பு தங்கும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாக, பவளத் தொட்டி 76 நாள் மீனில்லாமல் ஓடட்டும் என்பது எங்களிடையே புழங்கும் கணக்கு.

காளான் மாதிரியான லெதர் பவளம் ஐந்து நாளாகச் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் பளபளக்கிறது. எடுத்துப் போட்டுவிடவா? (மெல்பர்ன்)

பாம்பு சட்டை உரிக்கிறது என்று பாம்பையே தூக்கிப் போடுவீர்களா? லெதர் அவ்வப்போது மேல்தோலைக் கழற்றும். நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் இன்னும் பத்து நாள் பாருங்கள்.