எள் விலையைக் கேட்டுவிட்டு எண்ணெய் வாங்குங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் ஒரு கடையில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' லிட்டர் 260 ரூபாய். மதுரை கீழமாசி வீதியில் எள்ளே கிலோ 160 என்கிறார்கள். அந்த எண்ணெயை நம்பி வாங்கலாமா? நாமே எள் வாங்கி ஆட்டினால் கட்டுப்படியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் இறங்க ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். நீங்கள் சொல்லும் விலையில் எள்ளுக்கு மட்டுமே 400 ரூபாய். அதற்கு மேல் கருப்பட்டி, ஆட்டுகூலி. மிஞ்சும் ஒன்றரை கிலோ புண்ணாக்கை விற்ற காசைக் கழித்தாலும் 260-க்கு இறங்காது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: பொடி எழுத்தில் 'கலப்பு சமையல் எண்ணெய்' என்றோ 'தீப எண்ணெய்' என்றோ இருக்கலாம். தீப எண்ணெய் விளக்குக்குத்தான், தாளிக்க ஆகாது. 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். சில்லறையாக அளந்து ஊற்றும் சமையல் எண்ணெயை விற்கவே சட்டப்படி தடை உண்டு. கிராமா, மில்லியா என்றும் கவனியுங்கள்; ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான்.

ஆட்டுவது நல்ல யோசனை, ஆனால் பத்து கிலோவாவது போடுங்கள். குறைவாகப் போட்டால் செக்கில் ஒட்டுவதே பெரிய நஷ்டம். எள்ளைப் புடைத்து, கல் மண் நீக்கி, ஒரு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். புது எள்ளில் ஈரம் நின்றால் எண்ணெய் குறையும், சீக்கிரம் காறும். அரைபடும்போது கருப்பட்டி சேர்ப்பது புண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிவதற்காக. அதைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். புண்ணாக்கைக் கையில் எடுத்து நசுக்குங்கள். உள்ளங்கை எண்ணெயில் பளபளத்தால் இன்னும் ஆட்டச் சொல்லுங்கள். பத்து கிலோவுக்கு நாலு லிட்டர் வந்தால் சரியான கணக்கு.

எண்ணெயை மெல்லிய துணியால் மூடி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கசடோடு வைத்தால் நாற்றமடிக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். பாமாயில் கலந்திருந்தால் கட்டி தட்டலாம், சூரியகாந்தி எண்ணெய் கலந்தால் தெரியாது. கடையில் வாங்கிய எண்ணெய் மேல் சந்தேகம் இருந்தால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி நீங்களே கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.